மேனேஜரை உரைகல்லில் உரசலாமா?

கேள்வி: டீச்சர், நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாக (கிளார்க்காக) வேலை செய்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் புது மேனேஜர் வந்தார். எல்லாமே இங்கிலீஷ் மெயிலில்தான் வரவேண்டும் என்கிறார். போன வாரம் குலை ஏற்றும் லோரி ஒன்று நடுத் தோட்டத்தில் படுத்துவிட்டது. கொஞ்சம் மரியாதையான வார்த்தையாக இருக்கட்டும் என்று, 'ஐ வுட் லைக் டு அப்ரெய்ஸ் டு யூ தட் லோரி நம்பர் த்ரீ இஸ் பிரேக் டவுன் சின்ஸ் யெஸ்டர்டே' என்று எழுதினேன். அவர் உடனே, 'அப்ரெய்ஸ்? சோ ஹவ் மச் ஆம் ஐ வொர்த்? ப்ளீஸ் ரிவர்ட் சூனஸ்ட்' என்று பதில் போட்டார். அதை சின்ன மேனேஜர்கள் இருவருக்கும் ஸ்டோர் கிராணிக்கும் காப்பி வைத்துவிட்டார். இரண்டு நாளாக ஸ்டோர் பக்கமே போகவில்லை. பழைய மெயில்களில் இந்த வார்த்தையை நானே பார்த்திருக்கிறேன். எங்கே தப்பு? இனிமேல் அதைத் தொடலாமா, விட்டுவிடலாமா?

பதில்:

முதலில் ஸ்டோர் பக்கம் போய்விட்டு வாங்கம்மா. இந்த இரண்டு வார்த்தைகளையும் குழப்பாத ஆபீசை நான் பார்த்ததில்லை. முப்பது வருடம் இடைநிலைப்பள்ளியில் இங்கிலீஷ் நடத்திவிட்டு, இப்போது மாலையில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் வரும் கட்டுரைகளில் வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே பள்ளத்தில் விழுந்து எழுகிறார்கள்.

நீங்கள் தேடிய வார்த்தை அப்ரைஸ் (apprise), தெரியப்படுத்துவது. எழுதியது அப்ரெய்ஸ் (appraise), மதிப்பிடுவது. ஸ்பெல்லிங்கில் பார்த்தால் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தெரியப்படுத்துவதற்கான சொல்லில் நடுவே 'ஐ' மட்டும் இருக்கும். மதிப்பிடுவதற்கான சொல்லில் அந்த 'ஐ'க்கு முன்னால் ஓர் 'ஏ' வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் அகராதியில் உள்ள நல்ல சொற்கள் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்காது. அது பாட்டுக்குச் சும்மா இருந்துவிடும்.

நம் வாயும் இதில் கூட்டுக் களவாணி. வருடக் கடைசியில் சம்பள உயர்வுக்கு மார்க் போடுவார்களே, அதைத் தோட்டத்திலும் சரி, ஈப்போ பேங்கிலும் சரி, நாம் 'அப்ரைசல்' என்றுதான் சொல்கிறோம். இங்கிலீஷ்காரன் வாயில் அது 'அப்ரெய்சல்'. மதிப்பிடுகிற சொல்லுக்குத் தெரிவிக்கிற சொல்லின் ஓசையைக் கொடுத்து வருடக்கணக்காகப் பழகிவிட்டோம். பிறகு எழுத உட்காரும்போது எந்த ஓசை எந்த ஸ்பெல்லிங்குக்குச் சொந்தம் என்று கை தடுமாறத்தானே செய்யும்?

சுங்கை சிப்புட் டவுனில் அடகுக்கடைக்குப் போயிருப்பீர்கள். கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறவர் உங்கள் சங்கிலியை வாங்குவார். கொக்கியைத் திருப்பி முத்திரை பார்ப்பார், கறுப்புக் கல்லில் ஒரு கோடு இழுப்பார், அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விடுவார், தராசில் வைப்பார், கடைசியில் உங்கள் முகத்தைப் பார்க்காமலே ஒரு தொகை சொல்வார். அவர் செய்வதுதான் அப்ரெய்ஸ். நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் படித்ததும் உங்கள் மேனேஜர் தன்னை அந்தக் கல்லில் உரசுவதாக எடுத்துக்கொண்டார். 'நான் எவ்வளவு பெறுவேன்?' என்று கேட்டது அதனால்தான். நகைச்சுவை பரவாயில்லை. காப்பி வைத்ததுதான் கொஞ்சம் அதிகம்.

வேரைப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் திரும்ப வராது. அப்ரைஸ் பிரெஞ்சிலிருந்து வந்தது. கற்றுக்கொள், கற்றுக்கொடு என்று இரண்டு பொருளும் உள்ள ஒரு வினையின் வழி. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் உங்கள் தோட்டத்து வொர்க்‌ஷாப்பிலேயே கையில் ஸ்பேனரோடு நிற்கிறது: அப்ரெண்டிஸ். தொழில் கற்றுக்கொள்ள வந்த பையன். அப்ரெய்ஸ் வேறு குடும்பம். விலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. ப்ரைஸ், ப்ரெய்ஸ், அப்ரீஷியேட் எல்லாம் அதற்கு அண்ணன் தம்பிகள். ஒன்றில் பாடம், மற்றதில் விலை. எழுதும்போது சந்தேகம் வந்தால், அப்ரெண்டிஸ் பையனையா கூப்பிடுகிறேன், அடகுக்கடைக்காரரையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பெல்லிங் இத்தோடு போதும். உங்கள் வாக்கியத்தில் இருந்த பெரிய சங்கடம் ஸ்பெல்லிங் அல்ல. மேனேஜர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது: 'அப்ரெய்ஸ் டு யூ தட்'. சரியான ஸ்பெல்லிங்கே போட்டிருந்தாலும் இந்த 'டு' உங்களைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பாதி தமிழ், பாதி மலாய். தமிழில் 'மேனேஜருக்குத் தெரிவித்தேன்' என்கிறோம். ஆளுக்குக் 'கு' உருபு, விஷயத்துக்கு 'ஐ' உருபு: மேனேஜருக்கு விஷயத்தைத் தெரிவித்தேன். மலாய்க் கடிதத்திலும் 'மெமாக்லும்கான் கெபாடா துவான்' என்று ஆளுக்கு முன்னால் ஒரு 'கெபாடா' நிற்கும். இரண்டு மொழியும் சேர்ந்து 'டு' போடு, 'டு' போடு என்று காதுக்குள் சொல்கின்றன. இங்கிலீஷ் வினையோ தலைகீழ். அது ஆளைத்தான் நேராகப் பிடித்துக்கொள்ளும், விஷயத்தை 'ஆஃப்' என்கிற கயிற்றில் பின்னால் கட்டி இழுத்துவரும். ஐ அப்ரைஸ்ட் த மேனேஜர் ஆஃப் த பிரேக்டவுன். ஆள் முதலில், அடுத்து ஆஃப், அடுத்து சங்கதி.

தமிழிலேயே இதற்கு ஒரு பிடி இருக்கிறது, அதை என் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவேன். அப்ரைஸ் என்றால் 'தெரிவி' என்று மனத்தில் வைக்காதீர்கள், 'அறியச் செய்' என்று வையுங்கள். 'தெரிவி' என்றால் 'மேனேஜருக்கு' என்று வரும். 'அறியச் செய்' என்றால் தானாகவே 'மேனேஜரை அறியச் செய்தேன்' என்று 'ஐ' உருபு வந்துவிடும். எதைப் பற்றி? பழுதைப் பற்றி. அந்தப் 'பற்றி'தான் 'ஆஃப்'. நான்காம் வேற்றுமையில் யோசித்தால் தப்பு வரும், இரண்டாம் வேற்றுமையில் யோசித்தால் வராது. டியூஷனில் இதைச் சொன்னபோது, 'டீச்சர், இலக்கணம் எல்லாம் தமிழ்ப்பள்ளியோட முடிஞ்சதுன்னு நெனச்சோமே' என்றான் ஒரு பையன்.

இந்த வினை தனியாள் இல்லை. ரிமைண்ட், வார்ன், அஷ்யூர், இன்ஃபார்ம், நோட்டிஃபை எல்லாம் அதே வரிசையில் நிற்பவைதான், ஆளை நேராகப் பிடிப்பவை. ரிமைண்ட் ஹிம் ஆஃப் த மீட்டிங், வார்ன் தெம் ஆஃப் த ஃபிளட். எதிர் வரிசை ஒன்று இருக்கிறது: எக்ஸ்ப்ளெயின், ரிப்போர்ட், மென்ஷன், அனௌன்ஸ். இவை விஷயத்தை நேராகப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு 'டு' கேட்கும். ஐ ரிப்போர்ட்டட் த பிரேக்டவுன் டு த மேனேஜர். வேடிக்கை பாருங்கள், இந்த வரிசையில் 'டு' போடவேண்டிய இடத்தில் நாம் போடுவதில்லை. 'ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ' என்று எழுதாத ஆள் இந்த ஊரில் யார்? வேண்டாத இடத்தில் உப்பைக் கொட்டிவிட்டு வேண்டிய இடத்தில் மறந்துவிடுகிறோம்.

'தட்' விஷயத்துக்கு வருகிறேன். இன்ஃபார்ம், நோட்டிஃபை இரண்டும் ஆளுக்குப் பிறகு 'தட்' என்று ஒரு முழு வாக்கியத்தையே ஏற்றுக்கொள்ளும்: ஐ இன்ஃபார்ம்ட் ஹிம் தட் த லோரி ஹேட் புரோக்கன் டவுன். அப்ரைஸுக்குப் பின்னால் 'தட்' போட்டவர்களும் உண்டு. ஆனால் காதுக்கு இதமாக இருப்பது 'ஆஃப்' போட்டு ஒரு பெயர்ச்சொல் தருவதுதான். முழு வாக்கியம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 'ஆஃப் த ஃபேக்ட் தட்' என்று போகவேண்டும். அவ்வளவு தூரம் சுற்றுவதற்கு இன்ஃபார்மைப் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

இன்னொன்று. இன்ஃபார்ம், நோட்டிஃபை, அப்ரைஸ் மூன்றும் ஆள் இல்லாமல் நிற்காது. 'ஐ விஷ் டு இன்ஃபார்ம் தட்' என்று நேரே போய்விடுகிறோம். யாரை? அது மலாய் அரசாங்கக் கடிதத்தின் பழக்கம். 'டிமாக்லும்கான் பஹாவா' (இதனால் தெரிவிக்கப்படுவது) என்று ஆளே இல்லாமல் ஆரம்பிக்கலாம், அந்த மொழியில் அது அழகு. இங்கிலீஷில் அந்த இடத்தில் ஒரு 'யூ' இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும். 'சிலா மாக்லும்' என்பதை அப்படியே பெயர்த்து 'ப்ளீஸ் பி இன்ஃபார்ம்ட்' என்று எழுதுகிறோமே, அதில் இலக்கணத் தப்பில்லை. படிக்கத்தான் கோர்ட் சம்மன் மாதிரி இருக்கும்.

நானும் யோக்கியம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியைக்கு ஒரு துண்டுக் கடிதம் அனுப்பினேன்: 'ப்ளீஸ் அப்ரைஸ் மீ த டேட்'. அரை மணி நேரத்தில் அதே தாள் திரும்பி வந்தது. 'மீ'க்கும் 'த'வுக்கும் நடுவில் சிவப்பு மையில் ஒரு கூரை, அதற்குமேல் 'ஆஃப்'. கீழே தேதி. வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தாளை இன்றுவரை வைத்திருக்கிறேன். திருத்துவது என்றால் அப்படித் திருத்தவேண்டும். மூன்று பேருக்குக் காப்பி வைக்கவில்லை பாருங்கள்.

சரி, எப்போது இதைப் பயன்படுத்துவது? அறியச் செய்வது என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950இல் ஒரு டிரஸ்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த டிரஸ்டின் பயனாளிகளுக்கு அறிவிப்பு கொடுத்தாயிற்று என்று பேங்க் தரப்பு சொன்னது. எங்கே கொடுத்தார்கள்? பேப்பரில் ஒரு விளம்பரம். முகவரி தெரிந்தவர்களுக்கு அது போதாது, தபாலில் அனுப்பியிருக்கவேண்டும் என்றது கோர்ட். நோட்டீஸ் என்பது சம்பந்தப்பட்டவர்களை வழக்கு நடப்பது பற்றி அறியச் செய்யும் வகையில் அமையவேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரி வரும். அங்கே 'அறியச் செய்ய' என்பதற்கு அவர்கள் போட்ட வினை அப்ரைஸ்தான். 'டு அப்ரைஸ் இன்ட்ரெஸ்டட் பார்ட்டீஸ் ஆஃப்' என்று போகும், ஆள், ஆஃப், சங்கதி, வரிசை மாறாமல். நோட்டீஸ் என்பது தாள். அப்ரைஸ் என்பது அந்தத் தாளில் உள்ளது ஆளின் மண்டைக்குள் போய்ச் சேருவது.

உங்கள் பெரட்டுக் களத்துப் போர்டை, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துப் போர்டை, நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எந்தப் பிளாக்கில் மருந்தடிப்பு என்று மலாயில் ஒரு தாள் ஒட்டியாயிற்று. வங்காளதேசத்துப் பையன்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள், யாருக்கும் படிக்கத் தெரியாது. போர்டைப் பொறுத்தவரை அறிவித்தாயிற்று. மண்டோர் (கங்காணி) விடிகாலையில் ஒவ்வொருவனாகப் பிடித்துக் கை காட்டி, 'அங்க போகாத, மருந்து' என்று புரியவைத்த பிறகுதான் அவர்கள் அப்ரைஸ்ட்.

இது தெரிந்தால் எந்த இடத்துக்கு எந்தச் சொல் என்பது ஓரளவு தானாகவே பிடிபடும். சட்டம் தொட்ட இடங்களில் மட்டும் நம் இஷ்டம் செல்லாது. தொழிலாளிக்கு வேலையிடத்தில் விபத்து என்றால், பெர்கேசோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரியப்படுத்தவேண்டும். அங்கே சொல் நோட்டிஃபை. வேலையை விடுவது என்றால் நோட்டீஸ். ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், 1955ஆம் ஆண்டு மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். ராஜினாமா கடிதத்தில் 'ஐ ஹியர்பை அப்ரைஸ் யூ' என்று அலங்காரம் செய்து வைத்தால், நோட்டீஸ் கொடுத்தாயா இல்லையா என்று பின்னால் ஒரு வாக்குவாதம் வரும். அந்த இடத்தில் 'நோட்டீஸ்' என்ற சொல்லே தாளில் இருக்கட்டும்.

உங்கள் லோரிக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த மெயிலுக்கு அப்ரைஸும் வேண்டாம், இன்ஃபார்மும் வேண்டாம். வெட்டிய குலை சாலையோரம் கிடக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும், என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் மேனேஜருக்கு வேண்டியது எந்த லோரி, எங்கே நிற்கிறது, எத்தனை டன் கிடக்கிறது, மாற்று லோரி உண்டா என்பதுதான். 'லோரி நம்பர் த்ரீ ஹேஸ் புரோக்கன் டவுன் அட் பிளாக் செவன்' என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். கவனியுங்கள், 'இஸ் பிரேக் டவுன்' இல்லை, 'ஹேஸ் புரோக்கன் டவுன்'. அடுத்த வரியில் டன் கணக்கு. 'தெரிவிக்க விரும்புகிறேன்' என்று சொல்லிக்கொண்டு நிற்பது, வீடு பற்றி எரியும்போது வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைப்பது மாதிரி.

இந்தச் சுற்றி வளைக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். அப்பா தோட்டத்துக் கிராணி. வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் ஆபீஸ் இங்கிலீஷைக் கொண்டு நடத்தியவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும். அவர்களிடம் அப்பா கற்ற கடிதம் 'ஐ பெக் டு இன்ஃபார்ம் யுவர் குட்செல்ஃப்' என்று ஆரம்பித்து 'யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று முடியும். ஒரு மூட்டை உரம் குறைகிறது என்று சொல்வதற்குக்கூடக் கெஞ்சித்தான் ஆரம்பிப்பார். துரைக்கு முன்னால் நிற்கும்போது உடம்பு வளைந்த மாதிரியே வாக்கியமும் வளைந்தது. உங்கள் மேனேஜர் துரை இல்லை. உங்களைப் போலவே சம்பளத்துக்கு வந்தவர். நேராக எழுதுங்கள்.

அப்போ அப்ரைஸை மூட்டை கட்டி வைத்துவிடலாமா? வேண்டாம். அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே அதைவிட நல்ல சொல் இல்லை. ஒரு விஷயம் ஒரே நாளில் முடியாமல் இழுத்துக்கொண்டு போகும்போது, மேலே இருப்பவரை அவ்வப்போது நிலவரம் அறிந்தவராக வைத்திருப்பது. கீப் யூ அப்ரைஸ்ட் ஆஃப். மறுநடவு எந்த மட்டில் இருக்கிறது, ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது, லோரிக்கு ஸ்பேர் பார்ட் வந்ததா என்பதெல்லாம் அதில் அடங்கும். 'ஐ வில் கீப் யூ அப்ரைஸ்ட் ஆஃப் த ரிப்பேர்ஸ்.' எழுதிப் பாருங்கள், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நிற்கும், ஆனால் கழுத்தை இறுக்காது. அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்ல, 'ஹி ஹேஸ் பீன் அப்ரைஸ்ட் ஆஃப் த டிலே'. இந்த இரண்டு அமைப்பும் கைவந்தால் ஆபீஸ் வாழ்க்கைக்கு அது போதும். சமமானவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதை நீட்டாதீர்கள். உங்கள் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் 'கீப் மீ அப்ரைஸ்ட்' என்று அனுப்பினால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்.

இனி அந்த மெயிலுக்குப் பதில். இரண்டு நாள் ஆகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அவர் காப்பி வைத்த அதே மூவருக்கும் காப்பி வைத்து, சுருக்கமாக: 'தேங்க் யூ ஃபார் த கரெக்‌ஷன், சார். லோரி நம்பர் த்ரீ இஸ் அட் த வொர்க்‌ஷாப். ஐ வில் கீப் யூ அப்ரைஸ்ட் ஆஃப் த ரிப்பேர்ஸ்.' மன்னிப்பு எதுவும் வேண்டாம். வார்த்தை சரியான ஸ்பெல்லிங்கில், சரியான இடத்தில், 'ஆஃப்'ஓடு உட்கார்ந்திருப்பதை மூன்று பேரும் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று, நமக்குள் இருக்கட்டும். 'ப்ளீஸ் ரிவர்ட் சூனஸ்ட்' என்று எழுதியிருக்கிறார் அல்லவா? ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. பதில் போடு என்ற பொருளில் அதை எழுதுவது நாம் இருக்கும் இந்தப் பக்கத்து வழக்கம், லண்டனில் படித்தால் முழிப்பார்கள். இதை இப்போதே அவரிடம் சுட்டிக்காட்டிவிடாதீர்கள். வருடக் கடைசி அப்ரெய்சல் முடியட்டும்.